பாலூட்டக் கற்பிக்கும் கல்வி

முன்னுரை

"அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. வாய் திறந்து கேட்பவனுக்கே கிடைக்கும் என்னும் உலகியலைச் சொல்ல நாம் இதனை எடுத்தாள்கிறோம். ஆனால் பழமொழியின் நேர்ப்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு ஆராய்ந்தால், அது முழுவதும் சரியன்று எனத் தெரிகிறது. பிறந்த குழந்தை பசித்தவுடன் அழுவதில்லை. முதலில் உறக்கத்திலேயே இமைகள் அசைகின்றன. பிறகு வாயைத் திறந்து தலையை இப்படியும் அப்படியும் திருப்புகிறது, கையை வாய்க்குக் கொண்டுபோகிறது, சப்புக் கொட்டுகிறது. இவற்றைக் கண்டுகொள்வார் இல்லாதபோதுதான் அழுகிறது. எனவே அழுகை பசியின் முதல் அறிவிப்பு அன்று. அதன் கடைசி முறையீடு. அழுது களைத்த பிள்ளைக்கு மார்பைச் சரியாகப் பற்றுவதும் அரிதாகிவிடுகிறது.

இச்செய்தியை நான் பயிலும் விலங்கியல் பாடநூல் எனக்குச் சொல்லவில்லை. இதனைத் தொழிலாகவே கற்றுச் சான்று பெறுவோர் உலகில் உண்டு என்பதும் சென்ற ஆண்டுவரை எனக்குத் தெரியாது. அவர்களைத் தாய்ப்பாலூட்டல் ஆலோசகர் என்கின்றனர். அக்கல்வி எவ்வாறு தோன்றியது, அதன் படிகள் யாவை, கலைக்கல்லூரி மாணவராகிய நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பவற்றை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என்னை இத்துறைக்கு ஈர்த்த நிகழ்ச்சி

சென்ற ஆண்டு என் அக்காள் தலைப்பிரசவத்திற்காக வீட்டிற்கு வந்திருந்தாள். பிரசவம் மருத்துவமனையில் நல்லபடியாக முடிந்தது. ஆனால் மூன்றாம் நாள் அவளுக்குப் பால் கட்டிக்கொண்டது. மார்பு கல்லாக இறுகிவிட்டது. காம்பு வெடித்து இரத்தம் கசிந்தது. குழந்தை பற்றுவதும் விடுவதும் அழுவதுமாக இருந்தது. மருத்துவமனையில் கட்டில் இருந்தது, எடைக்கருவி இருந்தது, மருந்து இருந்தது. அரை மணி நேரம் அவள் அருகில் உட்கார ஓர் ஆள் இல்லை. "பால் பத்தவில்லை போலிருக்கிறது, டப்பா மாவு வாங்குங்கள்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுச் சென்றார்கள். அக்காள் சுவரைப் பார்த்தபடி படுத்துக்கொண்டாள். "என் பிள்ளைக்கு நானே ஆகவில்லையே" என்று அவள் அன்றிரவு என்னிடம் சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை.

வீடு திரும்பிய அன்று மாலை, எங்கள் தெருவில் குடியிருக்கும் நர்சம்மா பார்க்க வந்தார். வந்தவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையைத் தொடவும் இல்லை. அக்காள் பால் கொடுப்பதைக் கால் மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகுதான், "பிள்ளை தலையைப் பிடிச்சு அமுக்காதேம்மா. தோளைத் தாங்கு, அதுவா வாயைத் திறக்கும். நீ குனியாதே, பிள்ளையை உன்கிட்டே கொண்டு வா" என்றார். முதலில் சிறிது பாலைக் கையால் பீச்சி இறுக்கத்தைத் தளர்த்தச் சொன்னார். குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்குமாறு திருப்பி வைத்தார். குழந்தை வாயை அகலத் திறந்தது. கீழுதடு வெளிப்புறம் மடிந்தது. முகவாய் மார்பில் புதைந்தது. சிறிது நேரத்தில் அது விழுங்கும் ஓசை எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அக்காள் அழுதாள்; ஆனால் இம்முறை அழுகை வேறு.

"இதெல்லாம் எங்கே படிச்சீங்க?" என்று கேட்டேன். "நாலு நாள் பயிற்சி கொடுத்தாங்க. மீதியெல்லாம் தாய்மாருங்ககிட்டேயே கத்துக்கிட்டது. இதுக்குன்னு உலகம் பூரா நடக்கிற பெரிய பரீட்சை ஒண்ணு இருக்குதாம். நீ படிக்கிற பொண்ணு, தேடிப் பாரு" என்றார். அவ்வாறு தேடியதன் விளைவே இக்கட்டுரை.

இஃது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. 2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 88.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகள் 41.8 விழுக்காட்டினரே. மருத்துவமனையின் வாயில்வரை தாயை அழைத்து வந்துவிட்டோம். அங்கே அவளுக்குப் பாலூட்டத் துணை நிற்பாரைப் போதிய அளவில் வைக்கவில்லை என்பதை இவ்விரு எண்களும் உணர்த்துகின்றன.

ஏழு தாய்மாரின் முயற்சி

இக்கல்வியின் வரலாறு மருத்துவக் கல்லூரியில் தொடங்கவில்லை என்பது வியப்புக்குரியது. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க நாட்டில் புட்டிப்பாலே நாகரிகம் எனக் கருதப்பட்டது. தாய்ப்பால் கொடுக்க விரும்பிய பெண்ணுக்கும் கற்பிக்க ஆளில்லை. அவள் தாயும் புட்டியிலேயே பால் கொடுத்தவள். 1956ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் பிராங்க்ளின் பார்க் என்னும் ஊரில் ஏழு தாய்மார்கள் ஒன்றுகூடி, தாம் அறிந்ததைப் பிற தாய்மார்க்குச் சொல்லித்தர ஒரு சங்கம் கண்டனர். மேரி ஒயிட், மேரியன் தாம்சன் ஆகியோர் அவர்களுள் இருவர். மார்பு என்னும் சொல்லைச் செய்தித்தாள்கள் அச்சிடத் தயங்கிய காலம் அது. எனவே 'பால்' எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லைக்கொண்டு 'லா லெச்சே லீக்' எனச் சங்கத்திற்குப் பெயரிட்டனர். ஒரு வீட்டுக் கூடத்தில் தொடங்கிய அச்சங்கம் பின்னர்ப் பல நாடுகளிலும் பரவியது.

ஆண்டுகள் செல்லச் செல்ல, இத்தாய்மாரிடம் பழுத்த அனுபவம் சேர்ந்தது. மருத்துவர்களும் அவர்களிடம் ஐயம் கேட்கலாயினர். அதே வேளையில் வேறொரு கேள்வியும் எழுந்தது. "நான் பாலூட்டல் அறிந்தவள்" என்று யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாமா? மெய்யாகவே அறிந்தவரையும் அறிந்ததாகச் சொல்பவரையும் ஒரு புதுத்தாய் எவ்வாறு பிரித்தறிவாள்? இக்கேள்விக்கு விடையாகவே 1985ஆம் ஆண்டு பன்னாட்டுப் பாலூட்டல் ஆலோசகர் தேர்வு வாரியம் அமைக்கப்பட்டு, அவ்வாண்டிலேயே முதல் தேர்வும் நடந்தது. தேர்ச்சி பெறுவோர் தம் பெயருக்குப் பின் 'ஐ.பி.சி.எல்.சி.' எனப் போட்டுக்கொள்ளும் உரிமை பெறுகின்றனர். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோர் இச்சான்று பெற்றுள்ளனர்; நம் நாட்டிலும் உள்ளனர்.

சான்று பெறும் மூன்று வழிகள்

தேர்வு எழுத விரும்புவோர் மூன்று தகுதிகளைப் பெற்றிருக்க வேண்டும். முதலாவது, மருத்துவ அறிவியல் சார்ந்த 14 பாடங்களில் பயிற்சி. இரண்டாவது, பாலூட்டல் பற்றிய தனிக்கல்வி 95 மணி நேரம். இதில் 5 மணி நேரம் தாயோடு உரையாடும் திறன் பற்றியதாக இருத்தல் வேண்டும். மூன்றாவது, தாய் சேய் இருவரோடும் நேரடியாகப் பழகிய பயிற்சி மணிகள். இம்மணிகளைச் சேர்க்கும் முறையில்தான் வழிகள் மூன்றாகப் பிரிகின்றன.

முதல் வழி, மருத்துவர், செவிலியர் முதலிய மருத்துவப் பணியாளர்க்கும், அங்கீகாரம் பெற்ற தாய்மார் துணைச் சங்கங்களின் ஆலோசகர்க்கும் உரியது. இவர்கள் தேர்வுக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள் 1,000 மணி நேரம் பணி செய்திருக்க வேண்டும். இரண்டாம் வழி, இதற்கென ஒப்புதல் பெற்ற கல்வி நிறுவனத்தில் சேர்ந்து பயில்வது. ஆசிரியர் நேர்ப்பார்வையில் 300 மணி நேரம் போதும். மூன்றாம் வழி நம் பழைய குருகுல முறையை ஒத்தது. முன்பே சான்று பெற்ற ஒருவரை ஆசிரியராகக்கொண்டு அவர் கண்காணிப்பில் 500 மணி நேரம் பயில்வது. முதலில் அவர் செய்வதைப் பார்த்து, பிறகு அவர் பார்க்கத் தான் செய்து, இறுதியில் தானே செய்யும் நிலைக்கு வருவது இம்முறை.

தேர்வு 175 வினாக்களைக் கொண்டது. ஒவ்வொரு வினாவுக்கும் தரப்பட்ட விடைகளுள் சரியானதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல வினாக்கள் புகைப்படத்தைக் காட்டி, இத்தாய்க்கு என்ன குறை, இக்குழந்தை சரியாகப் பற்றியிருக்கிறதா என்பன போலக் கேட்பவை. ஒருமுறை தேறினால் ஆயுள் முழுதும் செல்லும் என்றும் எண்ணிவிடக் கூடாது. 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை சான்றைப் புதுப்பிக்க வேண்டும்.

இத்தேர்வு ஒன்றே வழியென்று கருத வேண்டா. உலக நலவாழ்வு நிறுவனமும் யுனிசெப்பும் 1993ஆம் ஆண்டு 40 மணி நேரப் பயிற்சித் திட்டம் ஒன்றை வகுத்தன. 1991ஆம் ஆண்டு தோன்றிய இந்தியத் தாய்ப்பாலூட்டல் ஊக்குவிப்பு அமைப்பு நம் நாட்டில் பயிற்சிகள் நடத்தி வருகிறது. 2016ஆம் ஆண்டு நடுவணரசு 'மா' என்னும் திட்டத்தைத் தொடங்கிச் செவிலியர்க்கும் 'ஆஷா' பணியாளர்க்கும் பயிற்சி தரலாயிற்று. இவை ஒரே ஏணியின் வெவ்வேறு படிகள். எங்கள் நர்சம்மா நின்றது நடுப்படியில். என் அக்காளுக்கு அதுவே போதுமானதாயிருந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, இரட்டைக் குழந்தைகள், உதடு அன்னம் பிளந்த குழந்தை என வரும்போதுதான் மேற்படியில் நிற்பவரின் தேவை தெரியும்.

நம் வகுப்பறைகளில் உள்ள எட்டுப் பாடங்கள்

மேலே சொன்ன 14 பாடங்களின் பட்டியலைப் பார்த்தபோது நான் வியந்தேன். அவற்றுள் 8 பாடங்கள் கல்லூரிகளில் பயிலத்தக்கவை: உயிரியல், மனித உடற்கூறியல், மனித உடலியங்கியல், குழந்தை வளர்ச்சி, ஊட்டச்சத்தியல், மருத்துவ ஆராய்ச்சி அறிமுகம், உளவியல் அல்லது ஆலோசனைத் திறன், சமூகவியல் அல்லது மானிடவியல். எஞ்சிய 6 பாடங்கள் முதலுதவி, நோய்த்தொற்றுத் தடுப்பு, மருத்துவக் குறிப்பு எழுதுதல், மருத்துவச் சொற்கள், பணியிடப் பாதுகாப்பு, தொழில் ஒழுக்கம் என்பன; இவற்றைக் குறுகிய பயிற்சிகளில் கற்கலாம்.

பாலூட்டலுக்குச் சமூகவியல் எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். விடை எளிது. நம் ஊர்ப்பக்கங்களில் பிறந்த குழந்தைக்கு முதலில் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டு வைக்கும் 'சேனை' வழக்கம் உண்டு. நல்ல மனிதர் கையால் வைத்தால் அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. "அது மூடத்தனம்" என்று ஒரே சொல்லில் ஒதுக்கினால் அந்த வீட்டின் கதவு நமக்கு அடைபட்டுவிடும். முதல் உணவு சீம்பாலாக இருக்கட்டும், அந்தப் பெரியவர் குழந்தையைக் கையில் ஏந்தி வாழ்த்தட்டும் என்று சொல்பவரே வீட்டாரின் மனத்தை அறிந்தவர். உளவியல் எதற்கு என்பதற்குச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த என் அக்காளே விடை.

ஆகவே இத்தொழிலின் பாதி வழி நம் கல்லூரி வளாகத்தின் வழியாகவே செல்கிறது எனலாம். ஆனால் பாடத்தின் பெயர் ஒத்திருந்தால் மட்டும் போதாது. தவளையின் இரத்த ஓட்டத்தை வரையத் தெரிந்த எனக்கு மனித உடற்கூறியல் தெரிந்துவிட்டதாகப் பொருளில்லை. அதனைத் தனியே பயில வேண்டும்.

எதைக் கற்கின்றனர்?

பால் சுரப்பதற்கு மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்டின், ஆக்சிடோசின் என்னும் இரு இயக்குநீர்கள் துணை செய்கின்றன. முன்னது பாலை உண்டாக்குகிறது. பின்னது உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. வலி, அச்சம், கவலை ஆகியவை ஆக்சிடோசின் வெளிப்படுவதைத் தடைசெய்கின்றன. இவற்றோடு மார்பிலேயே ஒரு கணக்கும் நடக்கிறது. பால் வெளியேறினால் மேலும் சுரக்கும். தேங்கி நின்றால் சுரப்பது குறையும். இந்த ஒரு விதியை அறிந்தால், "பால் பத்தவில்லை" என்று காரணம் ஆராயாமல் டப்பா மாவைக் கொடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பது விளங்கும். மாவுப்பால் குடித்த குழந்தை மார்பில் குடிப்பதைக் குறைக்கும். அதனால் சுரப்பு குறையும். பால் இல்லை என்ற பொய் இரண்டு வாரத்தில் மெய்யாகிவிடும்.

பால் போதுகிறதா என்பதை அழுகையைக்கொண்டு அளப்பதில்லை. பிறந்த குழந்தை நாளொன்றுக்கு 8 முதல் 12 முறை பால் குடிக்கிறதா, முதல் வாரத்தின் இறுதியில் 6 முறையேனும் சிறுநீர் கழிக்கிறதா, முதல் நாட்களில் குறைந்த எடையை ஏறக்குறைய இரண்டு வாரத்திற்குள் மீட்டுவிடுகிறதா என்பவையே அளவுகோல்கள்.

இத்துறை எவ்வளவு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பதற்கு ஒரு சான்று. ஆங்கில அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் மார்பின் உள்ளமைப்பை விளக்கும் நூலை 1840ஆம் ஆண்டு வெளியிட்டார். பால் நாளங்கள் 15 முதல் 20 என்பதும், காம்பின் அடியில் பால் தேங்கும் பைகள் உண்டு என்பதும் நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்று வந்தன. 2005ஆம் ஆண்டில்தான் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள், பாலூட்டும் தாய்மாரைக் கேளா ஒலியலைக் கருவியால் ஆராய்ந்து, நாளங்கள் சராசரியாக 9 அளவே என்றும், அத்தகைய பைகள் காணப்படவில்லை என்றும் கண்டனர். நிலவில் மனிதன் இறங்கி 36 ஆண்டுகள் கழிந்த பின்னரே தாயின் மார்பை நாம் சரியாகப் பார்த்தோம்! சான்றைப் புதுப்பிக்க வேண்டும் என்ற விதியின் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

எல்லையும் ஒழுக்கமும்

இச்சான்று மருத்துவம் செய்யும் உரிமம் அன்று. குழந்தை பால் குடிக்க எழாமல் சோர்ந்து கிடந்தாலோ, மஞ்சள் பூத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, தாய்க்குக் காய்ச்சல் கண்டாலோ, உடனே மருத்துவரிடம் அனுப்புவதே ஆலோசகரின் கடமை. சிலருக்கு உடல்நிலையால் தாய்ப்பால் மட்டும் போதாமலும் போகலாம். அப்போது மாற்றுப்பால் கொடுக்கும் முறையைக் கற்பிப்பதும், அத்தாயின் மனம் குன்றாமல் காப்பதும் இவர்கள் பணியே. கொடுக்க இயலாத தாயைக் குற்றவாளியாக்குவதற்கு எந்தச் சான்றிதழும் உரிமை தரவில்லை.

இன்னோர் ஒழுக்கமும் உண்டு. 1981ஆம் ஆண்டு உலக நலவாழ்வுப் பேரவை, பால்மாவு வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு நெறிமுறையை ஏற்றது. இந்தியா 1992ஆம் ஆண்டு இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றி, 2003ஆம் ஆண்டு அதனை மேலும் கடுமையாக்கியது. பால்மாவு, பால்புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தையும், அவற்றை விற்க மருத்துவப் பணியாளர்க்குப் பணமோ பரிசோ தருவதையும் அச்சட்டம் தடுக்கிறது. தாயின் நம்பிக்கையைப் பெற்றவர் அந்நம்பிக்கையை விற்றுவிடக் கூடாது என்பதே இதன் கருத்து.

பாட்டிக்குத் தெரியாததா?

"நம் பாட்டிமார் எந்தப் பரீட்சை எழுதினார்கள்?" என்ற கேள்வி எங்கள் வீட்டிலேயே எழுந்தது. நியாயமான கேள்விதான். நற்றாயோடு செவிலித்தாயையும் சேர்த்துப் பாடிய இலக்கிய மரபு நம்முடையது. பிள்ளை வளர்ப்பில் தாய்க்குத் துணை வேண்டும் என்பதை நாம் அறியாதவர் அல்லோம். என் பாட்டி, பெற்றவளைத் தனியே விடாதே, வேளைக்குச் சூடாகச் சோறு போடு, வேலை ஏவாதே என்றாள். அது முற்றிலும் சரி. அதே பாட்டி, முதலில் வரும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீச்சிக் கீழே ஊற்றச் சொன்னாள். நோய் எதிர்க்கும் ஆற்றல் மிகுந்த முதற்பால் அது. ஆகவே பாட்டியின் சொல்லில் மெய்யும் உண்டு, பிழையும் உண்டு. மருத்துவமனையின் சொல்லிலும் அப்படியே என்பதை அக்காளுக்கு நேர்ந்ததில் கண்டேன். இரண்டிலும் மெய்யைப் பிரித்தெடுத்து, அதற்குத் தாமே பொறுப்பேற்றுத் தாயிடம் சொல்ல ஒருவர் வேண்டும். சான்றிதழ் என்பது அறிவுக்குக் கொடுக்கும் பட்டம் அன்று. முன்பின் அறியாத ஒரு தாய்க்குக் கொடுக்கும் உறுதிமொழி என்றே நான் கருதுகிறேன்.

முடிவுரை

நான் செல்ல எண்ணுவது மூன்றாம் வழி. வாரம் 8 மணி நேரம் ஒதுக்கினால் 500 மணி நேரம் சேர ஏறக்குறைய ஓராண்டும் இரண்டரைத் திங்களும் ஆகும் எனக் கணக்கிட்டு வைத்திருக்கிறேன். கற்பிக்கும் ஆசிரியரை இனித்தான் தேட வேண்டும். ஒரு மணி நேரமும் இன்னும் கணக்கில் ஏறவில்லை. தேர்வுக் கட்டணம் நாட்டின் பொருளாதார நிலைக்கேற்ப வேறுபடுகிறது என்றாலும், எங்களைப் போன்ற குடும்பத்திற்கு அதுவும் எளிதன்று. ஆயினும் முயல்வது என முடிவு செய்துள்ளேன். உளவியல், சமூகவியல், மனையியல் பயிலும் தோழியரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். பேராசிரியப் பெருமக்கள், அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மகப்பேற்றுப் பிரிவோடு பேசி, விரும்பும் மாணவியர் அங்கே தொண்டு செய்து பழக வழி செய்வார்களாயின் பெரும் பயன் விளையும்.

என் அக்காள் மகனுக்கு இப்போது பத்து மாதம். அவன் பசித்து அழுததை நாங்கள் அதிகம் கேட்டதில்லை. கை வாய்க்குப் போகும்போதே அக்காள் எழுந்துவிடுவாள். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது இருக்கட்டும்; அழுமுன் அறிந்து கொடுக்க ஒரு தாய்க்குக் கற்பிக்கலாம். அவ்வாறு கற்பிப்பதையே ஒரு கல்வியாகக் கொண்டவர்களின் வரிசையில் நம் கல்லூரி மாணவியரும் சேரும் நாள் வருக!